செக்ரட்டரிக்கு ஒரு கட்டில்

"மாமி, அப்பாவுக்கு ஒரு நல்ல ஹோமா பாக்கணும். நீங்க நர்ஸு. உங்களுக்குத்தான் வெவரம் தெரியும்."

கனடாவிலிருந்து ஜெஸ்பின் அழுதுகொண்டே பேசினாள். அண்ணன் மகள். ஒரே மகள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உடனே கிளம்பி வர முடியாத நிலை.

"நீ அழாத மக்கா. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள் ஷெர்லி.

"நீங்க எந்த எடம் சொன்னாலும் எனக்குச் சம்மதம், மாமி."

"எந்த எடம் சொன்னாலும்?"

"எந்த எடம்னாலும்."

ஷெர்லி போனை வைத்தாள். நாற்பத்தெட்டு வயது. பதினேழு வருடம் மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருவட்டாறு பக்கம் சொந்த வீட்டில் தனியாக இருப்பவள். சாயாவை ஆற்றிக் குடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சாயா இனித்தது.

அண்ணன் சத்தியராஜ். மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சபையில் பல வருடம் செக்ரட்டரி. ஊரில் அவர் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை, 'செக்ரட்டரி' என்றால்தான் தெரியும். போன மாதம் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. 'ஸ்தோத்திரம்.' பசித்தாலும் ஸ்தோத்திரம். கொசு கடித்தாலும் ஸ்தோத்திரம். ஆனால் காது கேட்கும். புத்தி தெளிவு. எல்லாம் புரியும்.

ஷெர்லிக்கு அதுதான் வேண்டியிருந்தது. எல்லாம் புரிய வேண்டும்.

கொரோனா வந்த வருடம் நடந்தது இது. விமானம் இல்லை. லீவு இல்லை. மஸ்கட்டில் ஷெர்லி வார்டை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தாள். ஊரில் அம்மா நேசம்மாள் அண்ணன் வீட்டில். ஒரு நாள் அண்ணன் அம்மாவைக் கொண்டுபோய் 'ஒலிவ நிழல்' முதியோர் இல்லத்தில் விட்டார். ஷெர்லிக்குப் போனில் சொன்னது: "அம்மாதான் ஆசைப்பட்டா. அங்க கூட்டு ஜெபம் எல்லாம் உண்டும்."

அம்மாவிடம் சொன்னது வேறு. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஷெர்லி கேக்கல்ல. அங்க இருந்தே ஏற்பாடு பண்ணிட்டா."

அதன் பிறகு ஷெர்லி எப்போது போன் போட்டாலும் அம்மா கிடைக்கவில்லை. "அம்மாவுக்குக் காது மந்தமாயிட்டு. போன்ல கேக்காது," என்பார் அண்ணன். அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். ஷெர்லி வந்து சேர்ந்தபோது கல்லறையில் சிமென்ட் காய்ந்திருந்தது.

உண்மையைச் சொன்னது மைனி. அண்ணன் மனைவி. மூன்று வருடம் முன்பு, புற்றுநோயில் கிடந்தபோது ஷெர்லியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கம்மைக்குக் காதுக்கு ஒண்ணும் இல்லேட்டி. ஒனக்க போனை வாங்க மாட்டேன்னுட்டா. நீதான் தள்ளிவிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனா. உங்கண்ணன் அப்படிச் சொல்லி வச்சிருந்தாரு. கடைசி வரைக்கும் ஒனக்க பேரை வாயால எடுக்கல்ல."

மைனி அடக்கம் முடிந்தது. ஷெர்லி அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அழுவார். முழங்கால் போடுவார். 'கர்த்தர் மன்னிச்சிட்டாரு, நீயும் மன்னிச்சிரு' என்று உருக்கமாக ஜெபம் பண்ணுவார். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

முடிய விடுவதாக இல்லை அவள்.

*

ஷிபுவின் வேன் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஷிபு ஐம்பதைத் தாண்டிய ஆள். வாய் ஓயாது. இரண்டு பேரும் சேர்ந்து அண்ணனைத் தூக்கி இருத்தினார்கள். சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்தார்கள். அண்ணனின் துணிப்பெட்டியும் ஏறியது.

"சிஸ்டர், எடம் பாக்கத்தானே போறிய? பெட்டி எதுக்கு?"

"பிடிச்சிருந்தா இன்னைக்கே விட்டுட்டு வரலாம்லா?"

"போற எடமெல்லாம் எதுன்னு பாத்து வச்சிருக்கியளா?"

"ஒண்ணே ஒண்ணுதான். ஒலிவ நிழல்."

கண்ணாடியில் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இடது கண் படபடத்தது.

"ஸ்தோத்திரம்," என்றார் அண்ணன், அவசரமாக. "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!"

"சந்தோஷமா இருக்காவ போல," என்றான் ஷிபு.

 ஒரு நல்ல இல்லத்தை எப்படித் தேட வேண்டும் என்று ஷெர்லிக்குத் தெரியும். உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்லிவிடும். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் திருப்பிப் போட ஆள் உண்டா? கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா? கேட்காமல் போய் நின்றால் உள்ளே விடுவார்களா? இத்தனை கேள்விக்கும் தப்பான பதில் வருகிற இடம்தான் அவளுக்கு வேண்டும். அம்மா கிடந்த அதே கூடத்தில், முடிந்தால் அதே கட்டிலில்.

மார்த்தாண்டம் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் வண்டி திரும்பியது. ஒலிவ நிழலில் ஒலிவ மரம் கிடையாது. பெரிய இரும்பு கேட். வாசலில் ஒரு பேனர். யாரோ ஒரு பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாளாம், இன்றைய மதிய உணவு அந்தக் குடும்பத்தின் அன்பளிப்பாம்.

அண்ணனையும் ஷிபுவையும் வேனிலேயே விட்டுவிட்டு ஷெர்லி முதலில் உள்ளே போனாள்.

கூடத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. முதியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே காலித் தட்டுகள். பிறந்தநாள் பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளை வந்து கேக் வெட்டி, படம் எடுத்து, பிள்ளைக்காக ஒவ்வொருவரும் ஜெபித்து, அப்புறம்தான் பிரியாணி அண்டா திறக்கும். மைக் பிடித்திருந்த பெண் அதட்டினாள்: "கை தட்டுங்க, கை தட்டுங்க! சோறு மட்டும் திங்கத் தெரியுதுல்லா?"

ஷெர்லி உள்கூடத்துக்கு நடந்தாள். அங்கே படுக்கையில் கிடப்பவர்கள். வாடை முகத்தில் அறைந்தது. ஒரு கட்டில் பக்கத்திலும் தம்ளர் இல்லை. சுவரோரக் கட்டிலில் ஒரு அம்மாள் உதட்டை நக்கினாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"வெள்ளம்... கொஞ்சம் வெள்ளம் தா, மோளே."

ஷெர்லி தன் பாட்டிலைத் திறந்து சிறுகச் சிறுகப் புகட்டினாள். ஆயா ஓடி வந்தாள்.

"அய்யோ அக்கா, குடுக்காதிய! வெள்ளம் குடிச்சா நனச்சிப் போடுவாவ. துணி மாத்த இங்க ஆள் எங்க இருக்கு? காலையில ஒரு தம்ளர், சாயா நேரத்துல ஒரு தம்ளர். அவ்வளவுதான் கணக்கு."

"எப்பவுமே இப்படித்தானா?"

"நான் வந்த காலத்துல இருந்தே இதுதான் ஏற்பாடு."

அப்படியானால் அம்மாவுக்கும் இதே கணக்குதான். ஷெர்லியின் கை பாட்டிலை இறுக்கிப் பிடித்தது. பிளாஸ்டிக் நொறுங்கியது. அடுத்த நொடி அவளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. சரியான இடம். இதைவிடச் சரியான இடம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

மேனேஜர் ஆன்ஸ்லின் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பல்.

"யாருக்குப் பாக்கிய, மேடம்?"

"அண்ணனுக்கு. ஸ்ட்ரோக். ஒரு பக்கம் வராது. இந்தக் கூடத்திலேயே ஒரு கட்டில் போதும். பெருசா ஒண்ணும் கவனிக்க வேண்டாம்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஆளைப் பாத்துருவோமா?"

வேன் கதவைத் திறந்தார்கள். ஆன்ஸ்லின் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு கூவினான்.

"செக்ரட்டரி சார்! நம்ம செக்ரட்டரி சாரா!"

ஷெர்லிக்கு முதலில் புரியவில்லை. ஆன்ஸ்லின் அண்ணனின் இடது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உள்ளே பார்த்துக் கத்தினான். எங்கிருந்தோ ஒரு சால்வை வந்தது. அண்ணன் தோளில் ஏறியது. கூடத்தில் பாட்டு நின்றது. மைக் பிடித்திருந்த பெண் எல்லோரையும் கை தட்டச் சொன்னாள். பசியோடு தட்டினார்கள்.

"மேடம், ஒங்களுக்குத் தெரியாது. வருசா வருசம் சபையில இருந்து ஆளுகளைக் கூட்டிட்டு வந்து சாப்பாடு போடுறது யாரு? அந்தப் புது கட்டடத்துக்குக் காசு தர ஆள் பிடிச்சுத் தந்தது யாரு? சாருதான்! சாரை நான் கூடத்துல போடுவேனா? மாடியில ஏசி ரூம். தனி ஆயா. சாருக்கு மீன் இல்லாம சோறு எறங்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

"ஸ்தோத்திரம்," என்றார் அண்ணன்.

"பாத்தியளா! இந்த நெலமையிலயும் அந்த வாயில என்ன வருதுன்னு பாத்தியளா!" ஆன்ஸ்லின் கண் கலங்கினான்.

அண்ணன் ஷெர்லியைப் பார்த்தார். பாதி முகம்தான் அசைந்தது. அந்தப் பாதி சிரித்தது.

 எப்படிப்பட்ட மடத்தனம்! இந்த ஊரில் பிறந்தவள்தானே அவள்? சாப்பாடு கொண்டு வருகிறவனுக்கு மாடி, சாப்பாட்டுக்குக் காத்துக் கிடப்பவளுக்குக் கூடம் என்பது தெரியாதா? இங்கே அம்மா தண்ணீருக்கு நாக்கை நக்கிக் கிடந்தபோது, அண்ணன் பக்கத்துக் கூடத்தில் சால்வை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மாவுக்கும் மாடி கிடைத்திருக்கும், கேட்கவில்லை. நரகம் என்று நினைத்து அவரை அவருடைய சொந்த ராஜ்யத்துக்கே கொண்டு வந்து சேர்த்திருக்கிறாள்.

"வேணாம்," என்றாள்.

"என்ன மேடம்?"

"இங்க வேணாம். ஷிபு, கதவை அடை."

அண்ணனின் இடது கை வேன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. உடும்புப் பிடி.

"சாருக்கு இங்கயே இருக்கணும்னு ஆசை," என்றான் ஆன்ஸ்லின்.

"ஆசை இருக்கும். கொண்டு போறது நான்." அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நர்ஸ் கை, வலிக்காமல் பிரிக்கத் தெரியும். கொஞ்சம் வலிக்கவே பிரித்தாள். "இன்னொண்ணு, ஆன்ஸ்லின். உள்ள படுத்திருக்கவங்க கட்டில் பக்கத்துல வெள்ளம் வையுங்க. கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டுக்கிட்டேதான் நான் போவேன்."

வெள்ளைப் பல் மறைந்தது.

*

சொன்னபடி வண்டியிலிருந்தே போன் போட்டாள். பார்த்ததையெல்லாம் சொன்னாள். புகாரை எடுத்துக்கொண்டார்கள்.  தக்கலை போனது. நாகர்கோவிலின் இரைச்சலும் போனது.

"எங்க போவணும்னு சொல்லாம ஓட்டச் சொல்லுதிய," என்றான் ஷிபு.

"இவியளை ஒருத்தருக்கும் தெரியாத எடம் ஏதாவது உண்டுமா, ஷிபு? செக்ரட்டரின்னா யாருன்னு கேக்கணும்."

ஷிபு யோசித்தான். "இராஜாக்கமங்கலம் பக்கத்துல தாணம்மாக்கா வீடு உண்டும். போர்டு கெடையாது, பேனர் கெடையாது. படம் எடுக்க வந்தா வெரட்டி விட்டிருவா. எனக்க மாமியாரு அங்கதான் இருக்கா. அதனால சொல்லுதேன்னு நெனச்சிராதிய. நானே அங்க போக பயப்படுத ஆளு."

"வெள்ளம் குடுப்பாவளா?"

"கேட்டா குடுப்பாவ. கேக்காட்டியும் குடுப்பாவ."

தென்னந்தோப்புக்கு நடுவே நீளமான ஓட்டு வீடு. மூத்திர வாடை இல்லை, மீன் குழம்பு வாடைதான். முற்றத்தில் நாலைந்து பேர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படுத்தபடியே உருவினார். ஒவ்வொரு கட்டிலுக்கும் கை எட்டும் இடத்தில் மூடி போட்ட செம்பு. வீட்டுக்குள் ஒரு மூலையில் அய்யாவழிக்காரர்கள் வணங்குகிற நிலைக்கண்ணாடி.

தாணம்மாள் அறுபது வயதுக்காரி. அளந்து பேசுபவள். ஷெர்லி கேள்வி கேட்கத் தயாரானாள். ஆனால் கேட்டது தாணம்மாள்.

"மலம் போறது தெரியுமா அவியளுக்கு? முழுங்கும்போது இருமல் வருதா? ராத்திரி பயப்படுவாவளா? பயந்தா யாரைக் கூப்பிடுவாவ?"

ஷெர்லி பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் 'தெரியாது' என்றாள்.

"அய்யாவைத்தான் கும்பிடணும்னு இல்ல. அவிய சாமி அவியளுக்கு," என்றாள் தாணம்மாள். "ஆனா ஒரு வழக்கம் உண்டும். வந்த அன்னைக்கு எல்லாரையும் முற்றத்துல இருத்துவேன். கொண்டு வந்து விடுதவங்க, வந்த ஆளு யாரு, எப்படி வாழ்ந்தாரு, என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, எல்லாத்தையும் எல்லார் முன்னாலயும் சொல்லணும். அந்த ஆளும் கேட்டுக்கிட்டு இருக்கணும். இங்க முதுகுக்குப் பின்னால பேச்சு கெடையாது. நாங்கதான் அவரைத் தூக்கி, கழுவி, ஊட்டப் போறோம். யாருன்னு தெரியாம எப்படித் தொடுதது?"

ஷெர்லி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லதை மட்டும்தான் சொல்லணுமா?"

"ஒள்ளதைச் சொல்லணும்."

"அவிய பெட்டி வண்டியில இருக்கு, அக்கா. இன்னைக்கே சேத்துக்கிடுதியளா?"

*

முற்றத்தில் அரைவட்டமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தது ஷிபுவின் மாமியார் பூங்கனி. பல் இல்லை, நாக்கு உண்டு. ஷிபுவைக் கண்டதும் "வந்தியா? போன மாசம் வாரேன்னு சொன்ன ஆளுதானே நீ? வாயிலயா வண்டி ஓட்டுத?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். ஷிபு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

நடுவே சக்கர நாற்காலியில் அண்ணன். சால்வை இன்னும் தோளில் கிடந்தது. ஷெர்லி அதை எடுத்து மடித்து ஓரமாக வைத்தாள்.

"இவிய எனக்க அண்ணன். சத்தியராஜ்," என்று ஆரம்பித்தாள்.  "மீன் பிடிக்கும். எறச்சி ஆகாது. சாயாவுக்குச் சீனி போடக் கூடாது, சுகர் உண்டும். கரண்டு ஆபீசில பெரிய வேலை பாத்தாவ. எங்கம்மாவுக்கு ரெண்டே பிள்ளைக. இவியளும் நானும்."

அண்ணன் தலையாட்டினார். இதுவரை சரி.

"கொரோனா காலத்துல அம்மாவை ஒரு ஹோம்ல விட்டாவ. அங்க குடிக்க வெள்ளம் குடுக்க மாட்டாவ. படுக்கை நனையும்னு."

தலையாட்டல் நின்றது.

"விட்டது தப்புன்னு நான் சொல்லல. இப்ப நானும்தானே விடுதேன்? விட்டதை ஆம்பளையா ஒத்துக்கிட்டிருக்கலாம். 'ஷெர்லிதான் ஒன்னைத் தள்ளிவிடச் சொன்னா, நான் என்ன செய்ய'ன்னு அம்மாகிட்ட சொன்னாவ. நல்ல மகன்கிற பேரு போயிரக் கூடாதுல்லா? நான் போன் போட்டேன். அம்மா எடுக்கல. காது கேக்காதுன்னு எங்கிட்ட சொன்னாவ. நான் மஸ்கட்டில இருந்து அம்மாவுக்குக் காது மெஷின் வாங்கி அனுப்பினேன்." அண்ணன் பக்கம் திரும்பினாள்.  "கேக்குத காதுக்கு மெஷின். அதை இவிய வாங்கி வச்சிருக்காவ. அம்மா செத்தா. நான் தள்ளிவிட்டேன்னு நெனச்சுக்கிட்டே செத்தா. இவிய அடக்க ஆராதனையில நின்னு அரைமணி நேரம் பேசினாவளாம், தாயன்பைப் பத்தி."

 அண்ணனின் வாய் கோணியது.

"ஸ்தோ... ஸ்தோத்திரம்!"

"அது என்ன பதிலு?" என்றாள் பூங்கனி. "ஆமாங்குதா, இல்லைங்குதா?"

தாணம்மாள் எழுந்து வந்து அண்ணனுக்கு நேராக நின்றாள். "இவ சொன்னது ஒள்ளதா, ஓய்? பொய்யின்னா இப்பவே இவளை அனுப்பிருவேன். ஒமக்கு இங்க எடமும் உண்டு, மரியாதையும் உண்டு. ஒள்ளதுன்னா இடது கையைத் தூக்கும்."

அண்ணன் சுற்றிப் பார்த்தார். கை கொடுக்க ஆன்ஸ்லின் இல்லை. கை தட்டச் சொல்ல மைக் இல்லை. உருவிய கீரை மடியில் கிடக்க, பத்துப் பன்னிரண்டு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அழுதார். பாதி முகத்தால் அழுதார். அழாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கை மெதுவாக எழுந்தது. நெஞ்சு உயரத்துக்கு வந்தது. நின்றது.

இத்தனை வருடம் ஷெர்லி காத்திருந்தது இந்தக் கைக்காகத்தான். பார்த்தாள். போதவில்லை. தாகத்தில் ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பூங்கனி கேட்டாள்: "ஒங்கம்மைக்கப் பேரு என்ன, பிள்ளே?"

"நேசம்மாள்."

"செரி." கிழவி அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏ, நேசம்மாளுக்க மவனே! அழுதது போதும். மூக்கைத் தொடச்சுக்கோ. கீரை உருவத் தெரியுமா? ஒத்தைக் கையால உருவலாம். நான் சொல்லித் தாரேன்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "நேசம்மாளுக்க மவனுக்குக் கட்டில் எங்க போடுதது, தாணம்மா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஒரு சுற்று வருவதற்குள் செக்ரட்டரி செத்துப்போனார்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தாள் ஷெர்லி. ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் விழும்போதும் இடது கண் சுருங்கியது. காலையில் சாயாவோடு அந்தப் பெயர் வரும். குளிப்பாட்டும்போது வரும். கஞ்சி ஊட்டும்போது வரும். யாரும் அதைக் கோபமாகச் சொல்லப்போவதில்லை. அன்பாகத்தான் சொல்வார்கள்.

இப்போதுதான் அவளுக்குள் அந்தக் குளிர்ச்சி திரும்பி வந்தது.

தாணம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போடணும். புண்ணு வந்திரக் கூடாது. வெள்ளம் தாராளமா குடுங்க. படுக்க வச்சு ஊட்டாதிய, நிமித்தி இருத்தி ஊட்டுங்க, இல்லன்னா நெஞ்சுக்குள்ள போயிரும். பிரஷர் மாத்திரை ஒரு நாள் தவறக் கூடாது. கைகாலுக்குப் பயிற்சி குடுக்க நானே சனிக்கிழமை தோறும் வாரேன்."

தாணம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "வயித்துல இவ்வளவு தீயை வச்சுக்கிட்டு இவ்வளவு கவனமா சொல்லுதியே, பிள்ளே."

"அவிய சீக்கிரம் போயிரக் கூடாது, அக்கா. தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்கணும். நல்ல புத்தியோட இருக்கணும்."

 தாணம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனின் இடது கைப்பக்கம் வைத்தாள்.

வேன் தோப்பை விட்டு இறங்கும்போது ஜெஸ்பின் அழைத்தாள்.

"மாமி, எடம் கெடச்சுதா? நல்ல எடமா?"

"ரொம்ப நல்ல எடம், மக்கா. இதைவிட நல்ல எடம் கெடைக்காது."

"அப்பாகிட்ட வீடியோ கால்ல பேசலாமா? போன் போட்டு செக்ரட்டரின்னு கேட்டா குடுப்பாவளா?"

"அப்படி கேட்டா அங்க யாருக்கும் தெரியாது. நேசம்மாளுக்க மவன்னு கேளு."

 "அதென்ன மாமி, அப்படி ஒரு பேரு?"

"உங்கப்பாகிட்டயே கேளு," என்றாள் ஷெர்லி. "ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் கேளு."

போனை அணைத்தாள். ஷிபு வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கியரை மாற்றினான்.